உங்கள் பெயரில் ஒரு கட்டுரை

அத்தியாயம் ஒன்பது

"இந்தக் கட்டுரையில் உங்கள் கம்பெனி பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். சோப்புக் கம்பெனிக்குக்கூடப் பொருந்தும். மன்னிக்கவும்."

கட்டடத் துறைப் பத்திரிகையின் ஆசிரியர் அனுப்பியிருந்த பதிலை வாலு நிதானமாக வாசித்து முடித்தாள். எதிரே அப்பா நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சோப்புக் கம்பெனியா?"

"ஆமாம்ப்பா."

"தரமே எங்கள் உயிர்மூச்சுன்னு எழுதியிருந்தோமே, அதுக்குமா?"

"அதுக்குத்தான்ப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். முப்பது தாண்டிய பிறகும் அது அவளை விடவில்லை. செய்தித்தாள் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தின் லிஃப்ட் கம்பெனியில் செய்தித் தொடர்பைக் கவனிக்க வந்தபோது, அந்தப் பெயரும் கூடவே அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டது. இப்போது வரவேற்பில் இருக்கும் பெண்கூட, "வாலு மேடம்" என்றுதான் கூப்பிடுகிறாள்.

லிஃப்டுகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் கம்பெனியின் தொழில். அப்பா நிர்வாக இயக்குநர். அவருடைய தங்கை, அதாவது வாலுவின் அத்தை, தலைமைப் பொறியாளர். கடைசித் தம்பி சித்தப்பாவிடம் விற்பனை. தொழில் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் படித்து முடித்த இளம் பொறியாளர்கள் பெரிய கம்பெனிகளைத் தேடிப் போனார்கள். புதிதாகக் கட்டடம் கட்டுபவர்கள், "அப்படி ஒரு கம்பெனியா, கேள்விப்பட்டதில்லையே" என்றார்கள்.

அதற்கு வாலு ஒரு வழி சொல்லியிருந்தாள். மேலே இருப்பவர்கள் மூன்று பேரும் வெளியே வந்து பேச வேண்டும், எழுத வேண்டும். விளம்பரமாக இல்லை, தங்கள் துறையைப் பற்றி. அதற்கு ஆங்கிலத்தில் தாட் லீடர்ஷிப் என்று பெயர் என்றாள். பெயரைக் கேட்டதும் அப்பா சரி என்றார். சித்தப்பா அவருக்கு முன்பே சரி என்றார். அத்தை மட்டும் எழுந்து போய்விட்டாள்.

அந்த உற்சாகத்தில், போன வாரம் வாலு ஒரு காரியம் செய்துவிட்டாள். கட்டடப் பாதுகாப்பு மாநாட்டின் முதல் உரைக்குக் கம்பெனி சார்பில் ஆள் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். யார் என்று மட்டும் சொல்லவில்லை. இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நானே பேசறேன்," என்றார் அப்பா.

"பேசலாம்ப்பா. ஆனா..."

"ஆனான்னா?"

"நீங்க கடைசியா ஒரு லிஃப்ட் மோட்டாரைத் திறந்து பார்த்தது எப்போ?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கம்பெனி வேன் ஒன்று பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தையைத்தான் கேட்கணும்னு சொல்ல வர்றே. கேளு. ஆனா அவ வாயைத் திறக்கறதுக்கு நம்மகிட்ட இருக்கிற கிரேன் பத்தாது."

வெளியே வந்தவளை வராந்தாவில் சித்தப்பா மடக்கினார். கழுத்தில் ஒரு போன், கையில் ஒரு போன்.

"என்ன வாலு, முகம் தொங்குது? ஆள் கிடைக்கலையா? நான் இருக்கேன்ல. மைக்கைக் கையில குடு, உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் ஆளுக்கொரு லிஃப்ட் வாங்க வெச்சுடறேன்."

"அதான் சித்தப்பா பயம். அங்க வர்றவங்க வாங்க வரலை, தெரிஞ்சுக்க வர்றாங்க."

"அப்ப இந்த தாட் லீடர்ஷிப்னா என்னதான்? விளம்பரத்துக்கே கோட்டு மாட்டி விடறதுதானே?"

"இல்ல. நமக்குத் தெரிஞ்சதை, அதனால நமக்கு லாபமா நஷ்டமான்னு பார்க்காம எல்லாருக்கும் சொல்றது."

சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம கம்பெனியிலயே சம்பளம் வாங்கிட்டு இதைச் சொல்றே பாரு! சரி, அப்படின்னா அக்காதான் சரி. லாபத்தைப் பத்தி அவ என்னைக்குக் கவலைப்பட்டா? ஆனா வரமாட்டா. வேணும்னா எழுதித் தரேன்."

அத்தை கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தாள். கட்டை முடி, நிறையப் பைகள் வைத்த சட்டை, கையில் டார்ச். மாதத்துக்குச் சில நாள் தானே நேரில் போய்ப் பழைய லிஃப்டுகளைப் பார்ப்பது அவள் வழக்கம். வாலு கேட்காமலே காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"எனக்கு எழுத வராது. நேரமில்லை. மேடை பிடிக்காது. மூணு காரணமும் சொல்லிட்டேன், இனி வேற ஏதாவது பேசலாம்," என்றாள் அத்தை, வண்டியைக் கிளப்பியபடி.

"நான் இன்னும் கேட்கவே இல்லையே அத்தை."

"உன் மூஞ்சி கேட்குது."

வாலு மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. செய்தியாளராக இருந்தபோது அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. உண்மையான காரணம் இருப்பவர்கள் ஒன்றைத்தான் சொல்வார்கள். மூன்று சொன்னால் நான்காவது ஒன்று உள்ளே இருக்கிறது.

அது ஒரு பழைய குடியிருப்பு. மாடிப்படிச் சுவரில் சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இயந்திர அறை. கதவைத் திறந்ததும் சூடான எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள் போல. பெரிய சக்கரம் ஒரு உறுமலோடு சுழன்று, டக்கென்று நின்றது.

"அத்தை, நீங்க யாருக்கும் எதுவும் பேச வேண்டாம். எனக்குப் புரிய வைங்க, போதும். போன்ல பதிவு பண்ணிக்கட்டுமா? பிடிக்கலைன்னா உங்க கண் முன்னாடியே அழிச்சிடறேன்."

அத்தை தோளைக் குலுக்கினாள். பிறகு டார்ச்சைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, வாலுவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள்.

"நீதான் பிரேக். இந்தச் சக்கரத்தை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருக்கே. கரண்ட் வந்தா நான் உன் கையை விலக்குவேன், பெட்டி நகரும். கரண்ட் நின்னா நான் விட்டுடுவேன், நீ மறுபடி பிடிச்சுக்குவே. புரியுதா?"

"புரியுது."

"ரெண்டு கை எதுக்கு? ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு பிடிக்கட்டும்னுதான். புது லிஃப்டுல ரெண்டு கைக்கும் தனித்தனித் தண்டு. இதுல பாரு, ஒரே தண்டுதான் ரெண்டையும் இழுக்குது. அது தூசியிலயோ துருவிலயோ சிக்கி நின்னுடுச்சுன்னு வெச்சுக்க..."

அத்தை வாலுவின் இரண்டு கைகளையும் விலக்கி, அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு கையும் சேர்ந்தே சும்மா நிக்கும். கதவு திறந்திருக்கும், ஆள் காலை எடுத்து வைப்பாங்க, பெட்டி நகர ஆரம்பிக்கும்."

"நடந்திருக்கா?"

"நம்ம கட்டடங்கள்ல இல்ல. இதுவரைக்கும்."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அத்தை கையை விட்டாள்.

"அப்ப இங்க நாம என்ன செய்யறோம்?"

"பிரிச்சு சுத்தம் பண்றோம். எண்ணெய் போடறோம். எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போறோம். பொய் இல்ல, சரியாத்தான் இருக்கு. பழைய லிஃப்டுக்குச் சட்டம் இதுக்கு மேல கேட்கலை. ஆனா ரெண்டாவதா ஒரு பிரேக் வெக்கலாம். பெரிய வேலைகூட இல்ல. வெக்கணும்னு யாராவது சொன்னாத்தானே வெப்பாங்க?"

"அதை நீங்க சொல்லுங்களேன்!"

"சொல்லிட்டு?" அத்தையின் குரல் உயரவில்லை. "நாம பராமரிக்கிறதுல பாதிக்கு மேல இந்த வகை. மறுநாளே ஒவ்வொருத்தனும் போன் பண்ணி, இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேட்பான். யார் பதில் சொல்றது? உங்கப்பா. எங்கண்ணன் கல்லு கல்லா அடுக்கினதை நானே மேடையேறித் தள்ளி விடணுமா?"

வாலுவுக்கு இப்போதுதான் புரிந்தது. சொல்ல ஒன்றுமில்லாமல் அத்தை இத்தனை நாள் பேசாமல் இருக்கவில்லை. சொல்ல வேண்டியது ஒன்று தொண்டையிலேயே நின்றதால் மற்ற எதையும் சொல்ல முடியாமல் போயிருக்கிறது. காலையில் வராந்தாவில் லாபம் நஷ்டம் பார்க்காமல் என்று தான் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். அத்தை சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே எழுதினாள். அழகுபடுத்தவில்லை. 'நீங்கள்தான் பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று தொடங்கினாள். அலுவலக வாசலில் கார் நின்றதும் நீட்டினாள்.

அத்தை முழுவதையும் படித்தாள். மறுபடி மேலே போய் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"'பயங்கர ஆபத்து'ன்னு போட்டிருக்கே. எடுத்துடு. நாளைக்குக் காலையில அந்த லிஃப்டுல பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும். பயமுறுத்தி விட்டுட்டுப் போறது என் வேலை இல்ல. என்ன குறை, எப்படிச் சரி பண்ணலாம், அவ்வளவுதான்."

"சரி அத்தை."

"நான் பேசற மாதிரியே இருக்கு."

"நீங்க பேசினதுதான்."

அத்தை போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் காரைவிட்டு உடனே இறங்கவில்லை.

"அண்ணன் சரின்னா என் பேரைப் போட்டுக்கோ. சொல்லமாட்டார்."

வாலு மாநாட்டு அமைப்பாளருக்கு போன் செய்து, இரவு வரை பொறுக்கச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டது இங்கே தெளிவாகக் கேட்டது.

குடும்பம் முழுவதும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் இருந்தது. அத்தை மேல் தளத்தில் தனியாக இருந்தாலும் இரவுச் சாப்பாடு அண்ணன் வீட்டில். சித்தப்பாவுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா தட்டுகளை வைத்தாள். இன்னும் முழுதாக இருட்டவில்லை.

அப்பா கட்டுரையை போனில் படித்தார். படிக்கப் படிக்க அவர் சாப்பிடுவது மெதுவாகி, நின்றுபோனது. பிறகு தம்பியிடம் நீட்டினார்.

சித்தப்பா பாதியிலேயே தலையை நிமிர்த்தினார். "என்ன இது? நம்ம கடைக்கு நாமே பூட்டு வாங்கிக் குடுக்கறோமா? இதைப் படிச்சிட்டு எவன் நம்மகிட்ட வருவான்? அடுத்த நாளே மத்த கம்பெனிக்காரன் இதை பிரிண்ட் எடுத்துட்டு நம்ம வாடிக்கையாளர் வீட்டு வாசல்ல நிப்பான்."

"நிக்கட்டும். அவன் பார்த்துக்கற லிஃப்டும் இதே வகைதான்," என்றாள் அத்தை.

"அவன் சொல்லமாட்டானே அக்கா!"

"அதைத்தான் நானும் சொல்றேன். யாருமே சொல்லமாட்டாங்க."

அப்பா கையை உயர்த்தினார். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"சொன்னேன்ணா. சட்டம் கேட்குதான்னு கேட்டீங்க. இல்லைன்னேன். அப்புறம் பார்க்கலாம்னீங்க."

அப்பா மறுக்கவில்லை. நினைவுக்கு வந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எந்த அறையில் அப்படிச் சொன்னோம், எந்த அவசரத்தில் சொன்னோம் என்பதுவரை நினைவு வந்திருக்க வேண்டும். ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்.

அப்போது அதுவரை பேசாமல் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள். "நாம ஏறி இறங்கற லிஃப்ட் எந்த வகை?"

அத்தை தட்டைப் பார்த்தாள். "அது பரவாயில்ல அண்ணி."

"பரவாயில்லன்னா?"

"அதுல ரெண்டாவது பிரேக் இருக்கு. நான்தான் வெச்சேன். இந்தக் கட்டடத்துச் சங்கத்தோட சண்டை போட்டு, நானே நின்னு மாட்டினேன்."

 சித்தப்பா போனைக் கீழே வைத்தார்.

"நம்ம வீட்டுக்கு வெச்சிட்டே," என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. கணக்கைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பவரைப் போல மெதுவாகச் சொன்னார். "மத்த வீட்டுக்கெல்லாம் எண்ணெய் போட்டோம்."

"ஆமாண்ணா. அதான்." அத்தை கையைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் நாலு பேர் முன்னாடி நின்னு பாதுகாப்புன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரலை. எழுத வராது, நேரமில்லைன்னு சொன்னதெல்லாம்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்பா எழுந்து பால்கனிக்குப் போனார். கீழே, எதிர்க் கட்டடத்தின் திறந்த முகப்பில், வேலை முடிந்து ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். பையோடு ஒரு பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர். எல்லாரும் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, கதவு திறந்ததும் கீழே பார்க்காமலே காலை எடுத்து வைத்தார்கள். தன் தங்கை இதைத் தினமும் பார்த்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. வேறு கட்டடங்களில், வேறு மனிதர்களை.

வாலு அவர் பின்னால் போய் நின்றாள். என்ன சொல்லி அவரைச் சம்மதிக்க வைப்பது என்று சாயங்காலம் முழுவதும் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

"அமைப்பாளருக்கு போன் போடு," என்றார் அப்பா.

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். அப்பா தங்கையின் பெயரைச் சொன்னார். மறுமுனையில் ஒரு தயக்கம்.

"சார், நாங்க உங்களைத்தான் எதிர்பார்த்தோம். அவங்களை யாருக்கும் அவ்வளவா தெரியாதே. நீங்க பேசினா அரங்கம் நிறையும்."

"நான் பேசினா எல்லாரும் கை தட்டுவீங்க. அவ பேசினா குறிப்பு எடுப்பீங்க. உங்களுக்கு எது வேணும், சொல்லுங்க."

அமைப்பாளர் அதற்கு மேல் எதிர்த்துப் பேசவில்லை. பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டு போனை வைத்தார்.

அத்தை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அண்ணன் சம்மதிக்கமாட்டார் என்பதில் அவள் வைத்திருந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்று இப்போது தெரிந்தது. அதன் நிழலில் அவள் இவ்வளவு காலம் பத்திரமாக இருந்துவிட்டாள்.

"கட்டுரைக்குக் கீழே என் போன் நம்பரையும் போடு வாலு," என்றார் அப்பா. "கேட்கிறவங்க என்னைக் கேட்கட்டும். அப்புறம் இன்னொண்ணு. நம்ம வாடிக்கையாளருங்க இதைப் பத்திரிகையில படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. முதல்ல அவங்களுக்கு நாம சொல்லணும். நேர்ல."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். வழக்கமாக அறைக்குள் நுழையும் முன்பே கேட்கும் அவர் குரல், இப்போது பக்கத்தில் இருந்தும் சன்னமாக வந்தது.

"நேர்லன்னா... நாளைக்குக் காலையில ஒரு சந்திப்பு இருக்கு. அந்தப் பெரிய குடியிருப்புச் சங்கத்தோட பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். பேசி முடிச்சாச்சு, கையெழுத்துதான் பாக்கி. அங்க இருக்கிற அத்தனையும் இந்த ஒத்தைத் தண்டு வகைதான்." அக்காவைப் பார்த்தார். "நான் என்ன எடுத்துட்டுப் போகட்டும்? ஒப்பந்தத்தையா, இந்தக் கட்டுரையையா?"

அப்பா தங்கையின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டையும் எடுத்துக்கோ," என்றாள் அத்தை. "நானும் வரேன்."

"அக்கா, அந்தச் சங்கத் தலைவர் சும்மாவே கத்துவார்."

"கத்தட்டும்டா."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் முகம் வெளுத்திருந்தது. அம்மா அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அத்தை யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"முதல் வார்த்தை என்ன சொல்றது வாலு? உள்ளே போனதும், எல்லாரும் பார்ப்பாங்களே, அப்போ?"

"நீங்க யாருன்னு சொல்லுங்க அத்தை. மத்தது தானா வரும்."

அத்தை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்தது.

"உங்க லிஃப்டை இத்தனை வருஷமா பார்த்துக்கறது நாங்க."

"நாங்கன்னு இல்ல. நீ யாருன்னு சொல்லு," என்றார் அப்பா, மெல்ல.

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க லிஃப்டை இத்தனை வருஷமா பார்த்துக்கறது," என்று மறுபடி ஆரம்பித்து, மூச்சை இழுத்துக்கொண்டு முடித்தாள். "நான்."